ஒட்டும் பலகை, ஒட்டாத பலகை

அத்தியாயம் 6

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்த கையோடு டெல்மர் ஸ்லோன் மூன்றடி பின்னால் போனான். காலையில் ரசித்துச் சாப்பிட்ட பிஸ்கட்டும் கிரேவியும் இப்போது எதற்குச் சாப்பிட்டோம் என்று இருந்தது.

உள்ளே பதினொரு கோய் மீன்கள், குளத்தில் அழகுக்கு வளர்ப்பவை. நேற்று ஐஸாக இருந்தது இன்று சாம்பல் நிற வெதுவெதுப்பான சாறாகியிருந்தது. அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக, வயிறு உப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக மிதந்தன. ஒரு மீனின் கண் பிதுங்கி வெளியே வந்து டெல்மரையே முறைத்தது.

"தொட வேண்டாம். அவை சான்றுப் பொருள்கள்" என்றார் மூன்றாம் வின்ஸ்டன் ஆல்ட்ரிட்ஜ்.

"தொடறதா? இனிமே மீன் கடை இருக்கிற தெருப்பக்கமே நான் போறதா இல்ல சார்."

"மூடு, டெல்மர்" என்றாள் ஒடெஸா ப்ரிம், மூக்கின் மேல் கைக்குட்டையோடு.

"எதை மேடம்? பெட்டியையா, வாயையா?"

"ரெண்டையும்."

ஒடெஸாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. எரிந்த வீடு, ஒழுகிய கூரை, முங்கிப்போன நிலவறை என்று பதினெட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக அலைந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். டெல்மர் அவளுடைய டிரைவர், போட்டோகிராபர், தேவைப்படாத இடத்தில் பேசும் ஆள். அவளை இந்த வேலைக்கு அமர்த்தியவர்தான் எதிரே டை கட்டிக்கொண்டு நின்ற ஆல்ட்ரிட்ஜ். ஹெரான் கிரெஸ்ட் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

ஹெரான் கிரெஸ்ட் என்றால் கொக்குச் சிகரம். நாக்ஸ்வில்லுக்கு வெளியே இருக்கும் இந்த இடத்தில் கொக்கும் கிடையாது, சிகரமும் கிடையாது. ஒரே அச்சில் வார்த்த நூற்றுப் பதினெட்டு வீடுகள் உண்டு. எழுபத்து மூன்று பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. குப்பைத் தொட்டி எத்தனை மணிக்குத் தெருவுக்கு வரலாம் என்பதில் தொடங்கி, வீட்டின் பின்னால் இருக்கும் மரப்பலகை மேடை, அதாவது டெக், என்ன நிறத்தில் இருக்கலாம் என்பது வரை அதில் இருக்கிறது. டென்னசியின் ஈரத்துக்கு எந்த டெக்கும் மார்ச் மாதத்திலேயே பச்சைப் பாசி பூத்துவிடும். மே கடைசிக்குள் பச்சை போயாக வேண்டும் என்பது பதினான்காம் விதி. அதனால் வசந்தம் வந்தால் எல்லோரும் ராய்ஸ் டாக்கெட்டுக்குப் போன் போடுவார்கள்.

ராய்ஸிடம் ஒரு லாரி, ஒரு தண்ணீர்த் தொட்டி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் ஒரு பிரஷர் வாஷர் இயந்திரம். கழுவுவான், மரத்தைச் சீராக்குவான், சாயம் பூசுவான். இந்தக் குடியிருப்பில் பாதி டெக் அவன் கை பட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு அவனை உள்ளே விடக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போடப்போகிறது. கூடவே அவனுடைய காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் போகும். அது போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் இந்த மாவட்டத்தில் ஒரு நாய்க்கூண்டைக்கூட அவனால் கழுவ முடியாது.

இன்று வெள்ளிக்கிழமை. இப்போது மணி ஒன்றரை.

"செவ்வாய் காலை அந்நபர் எனது டெக்கைக் கழுவினார்" என்றார் ஆல்ட்ரிட்ஜ். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதம் எழுந்து வந்து பேசுவது போலிருக்கும் அவர் பேச்சு. "புதன் காலை பத்து மணிக்கு எனது நீர்வாழ் செல்வங்கள் மறைவெய்திய நிலையில் காணப்பட்டன. அவருடைய ரசாயனமே மூல காரணம். தாங்கள் அதை ஒரு பக்கத்தில் உறுதி செய்தால் போதுமானது."

"ஒரு பக்கம் போதும். ஆனா அந்தப் பக்கத்துல என்ன எழுதணும்னு டெக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் ஒடெஸா.

"மீன் பெட்டியைப் பார்த்ததே போதாதா?"

"வாழ்நாளுக்கும் போதும். வாங்க."

*

ஆல்ட்ரிட்ஜின் டெக் விளிம்பிலேயே ஒடெஸா நின்றுவிட்டாள். சங்கம் அங்கீகரித்த 'இலையுதிர்கால மான்' என்ற பழுப்பு நிறத்தில் அது பளபளத்தது. ஈரப் பளபளப்பு. கொசு, ஈ, பைன் மரத்து மஞ்சள் மகரந்தம், ஒரு அந்துப்பூச்சியின் பாதி இறக்கை, ஒரு காகிதக் கைக்குட்டை எல்லாம் அதில் ஒட்டிக் கிடந்தன. உயிரோடிருந்த ஒரு வண்டு காலை இழுக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தது.

"ஈ பிடிக்கிற காகிதத்தை விரிச்சு அதுமேல நாற்காலி போடலாம்னு யாருக்குத் தோணுச்சு?" என்றான் டெல்மர்.

"சாயம் நானே பூசினேன், புதன் காலை ஏழு மணிக்கு" என்றார் ஆல்ட்ரிட்ஜ். "சனிக்கிழமை இங்கே பதினாறு சங்கங்களின் தலைவர்களுக்கு மதிய விருந்து. அந்நபர் வெள்ளிவரை காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கும் வகையைச் சேர்ந்தவன் அல்லன். சாயம் உலராததற்கும் அவர் விட்டுச்சென்ற ரசாயனமே காரணம்."

வேலிக்கு வெளியே லாரியில் சாய்ந்து நின்றிருந்த ஆள் காறித் துப்பினான். ராய்ஸ். பிளீச்சிங் மருந்து பட்டு ஜீன்ஸ் முழுக்க வெள்ளைப் புள்ளி.

"உள்ளே வரலாமா, இல்ல தீர்மானம் போட்டாச்சா?"

"நாலு மணி வரைக்கும் நீ மனுஷன்தான், வா" என்றாள் ஒடெஸா. "செவ்வாய்க்கிழமை என்ன பண்ணின? வரிசையாச் சொல்லு."

"எப்பவும் பண்றதுதான் மேடம். முதல்ல சுத்தியிருக்கிற செடிக்கெல்லாம் வெறும் தண்ணி, வயிறு முட்ட. குளத்து மேல தார்ப்பாய். அப்புறம் பச்சைக்கு மருந்து. கால் மணி நேரம் ஊறினதும் கழுவி விட்டேன். மறுபடி செடிக்கெல்லாம் வெறும் தண்ணி. கடைசியாத் தார்ப்பாயைச் சுருட்டிட்டுக் கிளம்பினேன். பதிமூணு வருஷமா இதான் பொழப்பு. இதுவரைக்கும் ஒரு தவளைகூடச் சாகல."

"சாயம்?"

"கழுவின மரம் பஞ்சு மாதிரி மேடம். தொட்டுப் பார்த்தாக் காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே குடிச்ச தண்ணி அப்படியே நிக்கும். ரெண்டு முழு நாள் விடணும். அவசரப்பட்டு எண்ணெய்ச் சாயத்தைப் போட்டா உள்ளே இறங்க இடம் இருக்காது, மேலேயே நின்னு பிசுபிசுக்கும். இவர்கிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் கடிகாரத்தைப் பார்த்தார்."

"எனக்கு உரையாற்ற வேண்டாம்" என்றார் ஆல்ட்ரிட்ஜ்.

டெக்குக்கும் குளத்துக்கும் நடுவே நான்கடி அகலத்தில் கல் பாவியிருந்தது. ஒடெஸா குந்தி உட்கார்ந்து கல்லைத் தடவினாள். பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பாசி. விரலில் வழவழவென்று ஒட்டியதை முகம் சுளித்துக்கொண்டே புல்லில் துடைத்தாள்.

"ராய்ஸ், உன் மருந்து பாசி மேல பட்டா?"

"மத்தியானத்துக்குள்ள வெளுத்துடும். அதுக்குத்தானே அந்த மருந்து."

"டெக்கிலேருந்து தண்ணி குளத்துக்குப் போகணும்னா இந்தக் கல்லு மேலதான் ஓடணும். பாசி கல்யாண வீடு மாதிரி செழிப்பா இருக்கு. அப்போ மருந்து எப்படிப் போச்சு மிஸ்டர் ஆல்ட்ரிட்ஜ், பஸ் ஏறியா?"

"பாசி ஒரு நிபுணர் அன்று."

"பதினாலாம் விதிக்குச் சங்கம் பாசியைத்தானே நம்புது சார்" என்றான் டெல்மர்.

ஆல்ட்ரிட்ஜின் கழுத்து சிவந்தது. "பாசியின் பச்சையைக் காட்டி உறுப்பினர்களைச் சமாதானப்படுத்த இயலாது. பதினொரு உயிர்கள், அம்மணி. காரணமின்றி மறைவெய்தாது."

அதில் அவர் சொன்னது சரி என்பதுதான் ஒடெஸாவை எரிச்சலாக்கியது. யார் கொல்லவில்லை என்று சொன்னால் ஒரு கூட்டத்துக்கு ஜீரணமாகாது. யாராவது ஒருவர் கொன்றிருக்க வேண்டும். ராய்ஸ் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான். இன்னும் இரண்டு மணி நேரம்.

"டெல்மர், போட்டோ எடு. டெக் முழுக்க."

"அது மேல ஏறியா? இது புது ஷூ மேடம்!"

"ஷூவைக் கழட்டிட்டு ஏறு."

டெல்மர் சாக்ஸோடு ஏறினான். ஒவ்வொரு அடிக்கும் கால் 'ச்ரக்' என்று கிழிந்து வந்தது. நான்காவது அடியில் வலது சாக்ஸ் அங்கேயே தங்கிவிட்டது. செத்த ஈக்கள் வெறும் பாதத்தில் ஒட்டின. அவன் வாய்க்குள் சொன்ன வார்த்தைகளில் இரண்டுதான் அச்சில் ஏறும், அவையும் 'ஐயோ', 'சீ'.

ச்ரக். ச்ரக். ச்ரக். அப்புறம் சத்தமே இல்லை.

ஒடெஸா நிமிர்ந்தாள். "ஏன் நின்னுட்ட?"

"நிக்கல, நடக்கிறேன். இங்கே ஒட்டல மேடம். நல்லாக் காஞ்சிருக்கு. என் பாட்டி வீட்டுத் தரை மாதிரி."

"அப்படியே இடது பக்கம் போ."

"ஒட்டல... ஒட்டல... சீ, ஒட்டுது."

"ராய்ஸ், சாக்பீஸ் இருக்கா?"

துருத்தும் ஆணிக்கும் உளுத்த பலகைக்கும் அடையாளம் போட ராய்ஸ் சட்டைப் பையில் எப்போதும் நீலச் சாக்பீஸ் வைத்திருப்பான். தூக்கிப் போட்டான். டெல்மர் பிடித்துக்கொண்டான்.

"ஒட்டாத இடம் முடியற இடத்துல எல்லாம் கோடு போட்டுக்கிட்டே வா."

பத்து நிமிடம். ஒட்டும், ஒட்டாது என்று அவன் கத்திக்கொண்டே குனிந்து குனிந்து கோடு இழுத்தான். இரண்டாவது சாக்ஸும் பலியாயிற்று. முடித்து இறங்கியபோது அவன் பாதம் இரண்டும் கொசுவலை போட்டது போலிருந்தது.

ஒடெஸா சமையலறைப் படியில் ஏறி நின்று மேலிருந்து பார்த்தாள். ஒட்டும் பழுப்பின் நடுவே, நீலக் கோட்டுக்குள், இரண்டு நீளமான நாக்குகள். ஒவ்வொன்றும் எட்டு அடி. சுவர்ப் பக்கம் ஒடுக்கம், போகப் போக அகலம்.

ராய்ஸ் விசில் அடித்தான். "காத்து."

"என்ன காத்து?"

"ஃபேன் காத்து மேடம். சுவர் ஓரம் ரெண்டு பெரிய ஃபேன் வச்சு ராத்திரி பூரா ஓட விட்டிருக்காரு. காத்து நேரா அடிச்ச இடம் மட்டும் காஞ்சு சாயம் குடிச்சிருக்கு. மத்தது எல்லாம் ஊறின பஞ்சு."

ஒடெஸா திரும்பினாள். "மரத்தைக் காய வைக்க ஏதாச்சும் வச்சீங்களா மிஸ்டர் ஆல்ட்ரிட்ஜ்?"

"இயற்கையான காற்றோட்டம் போதுமானதாக இருந்தது."

சொன்ன வேகத்திலேயே டையைச் சரி செய்தார். பதினெட்டு வருடத்தில் ஒடெஸா எத்தனையோ கைகள் எத்தனையோ டைகளைச் சரி செய்யப் பார்த்திருக்கிறாள்.

பின்கதவு திறந்தது. இனிப்புத் தேநீர் ஜாடியோடு திருமதி கோரீன் ஆல்ட்ரிட்ஜ் வந்தாள். டெக்கில் கால் வைக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அந்த ரெண்டு பிசாசு ஃபேனுக்கும் பேரு இயற்கையா, வின்ஸ்டன்? செவ்வாய்க்கிழமை ராத்திரி பூரா விமான நிலையத்துல படுத்த மாதிரி இருந்துச்சு. சங்கத்து உடற்பயிற்சிக் கூடத்துலேருந்து ரெண்டையும் கம்பளியில சுத்தி எடுத்துட்டு வந்தது நீதானே?"

"கோரீன்."

"கராஜ்ல ஒளிச்சு வச்சிருக்கான், போய்ப் பாருங்க."

டெல்மர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். அந்த நாளில் அவன் சந்தோஷமாகச் செய்த முதல் காரியம் அது. "விதி முப்பத்தொண்ணு. சங்கப் பொருளை வாசலைத் தாண்டி எடுத்துட்டுப் போனா ஒரு வருஷத்துக்குப் பதவி கிடையாது. கையெழுத்து, மூன்றாம் வின்ஸ்டன் ஆல்ட்ரிட்ஜ். சார், கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

"விசிறிக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?" என்று சீறினார் ஆல்ட்ரிட்ஜ். இப்போது அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது. "விசிறி விஷயத்தை நான் மறைத்தேன், சரி. மீனை அவன் கொன்றான்!"

ஒடெஸா வீட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டு நாக்குகளுக்கும் நடுவில், மழை படாத மூடி போட்ட ஒரு பிளக் பெட்டி. மூடியைத் தூக்கினாள். இரண்டு துளைகள். ஒன்று காலி. இன்னொன்றிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பிக் கல்லுக்கடியில் நுழைந்து குளத்துக்குப் போனது. அங்கே பம்ப் தண்ணீரைக் குமிழ் குமிழாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"பின்பக்கம் வேற பிளக் பாயிண்ட் இருக்கா?"

"இது ஒண்ணுதான்" என்றாள் கோரீன்.

"எக்ஸ்டென்ஷன் ஒயர்?"

"சங்கம் தடை பண்ணியிருக்கு. பார்க்க அசிங்கமா இருக்காம்."

"ரெண்டு ஃபேன். ரெண்டு ஓட்டை." ஒடெஸா விரலைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ செவ்வாய்க்கிழமை ராத்திரி பம்ப் எதுல ஓடுச்சு?"

குளம் மட்டும் களகளவென்றது.

"புதன்கிழமை நான் பார்த்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது" என்றார் ஆல்ட்ரிட்ஜ். "என் கண்ணால் பார்த்தேன்."

"அது நான் சொருகினதுதானே" என்றாள் கோரீன். "விடியக்காலை அஞ்சு மணிக்கு அந்த இரைச்சல் தாங்காம இறங்கி வந்து ரெண்டு ஃபேனையும் பிடுங்கிப் போட்டேன். கீழே ஒரு கறுப்பு ஒயர் கிடந்துச்சு. தெருவுல குழந்தையை விட்ட மாதிரி பாவமா இருந்துச்சு, எடுத்துச் சொருகினேன். அது எதோட ஒயர்னு எனக்கென்ன தெரியும்?"

"குளம் சின்னது, மீன் பதினொண்ணு, புழுக்கமான ராத்திரி" என்றான் ராய்ஸ் மெதுவாக. "பம்ப் நின்னா தண்ணியில மூச்சு ஏது? பாவம், மேலே வந்து வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்திருக்கும்."

மூன்றாம் வின்ஸ்டன் ஆல்ட்ரிட்ஜ் தன் வலது கையைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கிய கை. எதைப் பிடுங்குகிறோம் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் அந்தக் கைக்கு எப்போதும் இருந்ததில்லை. ஃபேனைப் பற்றித்தான் அவர் பொய் சொன்னார். ராய்ஸ் மீனைக் கொன்றான் என்பதை இந்த நிமிடம் வரை மனதார நம்பியிருக்கிறார்.

ஒடெஸாவுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது. அதைப் போக்கவென்றே அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, அறிக்கையில் 'காரணம் அறுதியிட இயலவில்லை' என்று குறிப்பிட்டால் எவருக்கும் பாதகமில்லை. தீர்மானம் நிறைவேறட்டும். சில மாதங்களில் வேறு கழுவுபவர் கிடைப்பார்."

மீன் பெட்டியைத் திறந்தபோதுகூட ஒடெஸா இவ்வளவு தூரம் விலகி நிற்கவில்லை.

"அப்போ ராய்ஸ்?"

"அவர் வேறு தொழில் பார்க்கலாம்."

"நாலு மணிக்கு மைக் பிடிக்கிறது நீங்களா, நானா?" என்றாள் அவள். "நீங்கன்னா, மீன் எப்படிச் செத்துச்சுன்னு சொல்லுங்க. நான்னா, இப்போ என் காதுல நீங்க சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன்."

*

சங்கக் கூடத்தில் அறுபது பேர். பக்கத்து மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டும் முட்டையும் தொடுவாரின்றிக் கிடந்தன. ராய்ஸ் கடைசி வரிசைக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் தாடை இறுகியிருந்ததை டெல்மர் கவனித்தான். கிண்டல் செய்ய நினைத்து விட்டுவிட்டான்.

ஆல்ட்ரிட்ஜ் மைக்கைத் தட்டினார்.

"மதிப்பிற்குரிய உறுப்பினர்களே. மின்னிணைப்பின் தற்காலிக மறு ஒதுக்கீட்டின் விளைவாக, நீர்வாழ் உயிரினங்களுக்கு ஒரு பிராணவாயு சார்ந்த பின்னடைவு ஏற்பட்டமை தெரியவந்துள்ளது."

அறுபது முகங்களும் சுவர் மாதிரி இருந்தன. முன் வரிசைக் கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அப்போ அந்தக் கழுவுற ஆள்தானே கொன்னான்?" என்று கேட்டார். பக்கத்து ஆள் தலையாட்டினார்.

"யாரு ஒதுக்கினது?" பின்னாலிருந்து ராய்ஸின் குரல்.

"ஒதுக்கீடு மேற்கொள்ளப்பட்டது."

"அதான், யாரு?"

"சம்பந்தப்பட்ட இல்லத்தின் பொறுப்பாளரால்..."

"சார்." ராய்ஸ் நடு வழியில் நான்கடி முன்னால் வந்தான். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணு. மூணு நாளா இந்தத் தெருவுல என் லாரியைப் பார்த்தா ஜன்னலைச் சாத்துறாங்க. இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஒடெஸா தன் ஒற்றைப் பக்க அறிக்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எழுந்திருப்பது போல முழங்காலில் கையை ஊன்றினாள். இரண்டாம் வரிசையிலிருந்து கோரீன் சொன்னாள்.

"வின்ஸ்டன், 'நான்'னு ஆரம்பி. மத்தது தானா வரும்."

தலைவர் மைக்கை இறுகப் பிடித்தார். மைக் அவருடைய மூச்சைக் கூடம் முழுக்கக் கேட்க வைத்தது. டை இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொடக் கை வரவில்லை.

"நான்... ஃபேன் போடறதுக்காகப் பம்ப் ஒயரைப் பிடுங்கிட்டேன். சங்கத்து ஃபேன். மறுபடி சொருக மறந்துட்டேன். மீன் என்னாலதான் செத்துச்சு. ராய்ஸ் ஒண்ணும் பண்ணல."

முதல் தடவையாக அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது எல்லோருக்கும் புரிந்தது. முன் வரிசைக் கிழவர் திரும்பி ராய்ஸைப் பார்த்தார், பிறகு தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். துணைத்தலைவி தீர்மானத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். யாரும் கை தட்டவில்லை.

ராய்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டான். "கேட்டுச்சு" என்றான். யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். எதிர்சாரியில் இருபத்தேழாம் நம்பர் வீட்டு டெக் அவன் பாதி கழுவி விட்ட நிலையில் நின்றிருந்தது.

"எனினும் இந்தத் துரதிர்ஷ்டவசமான சூழலில், ஒரு பரந்த கண்ணோட்டத்தில் நோக்குமிடத்து..." என்று ஆல்ட்ரிட்ஜ் மறுபடி தொடங்கினார்.

வெளியே ராய்ஸ் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் இருமியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்த உறுமலில் கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தலைவரின் உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. ஒருவரும் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை.